கேன்ட்ரி கட்டும் தம்பிக்கு



கணியூரில் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, நாலடிக்கு மூன்றடி சிஎன்சி ரவுட்டர் ஒன்றைச் சொந்தமாகக் கட்டப் போகிறாய் என்று தெரிந்ததும் மனசு நிறைந்தது. கதவுப் பூவேலை, அக்ரிலிக் எழுத்து, தையல் யூனிட்டுகள் கேட்கும் பிவிசி டெம்ப்ளேட் என்று உடுமலை முதல் திருப்பூர் வரை அதற்கு வேலை இருக்கிறது. உன் வரைபடத்தையும் பார்த்தேன். மோட்டார், டிரைவர், கன்ட்ரோலர் எல்லாவற்றுக்கும் மாடல் நம்பர் வரை எழுதியிருக்கிறாய். மேஜைக்கு மேலே குறுக்கே நின்று, வெட்டும் தலையைச் சுமந்து ஓடும் கேன்ட்ரி வரவேண்டிய இடத்தில் மட்டும் இரண்டு கோடு இழுத்து, ‘50-க்கு 50 ஸ்கொயர் டியூப்’ என்று விட்டுவிட்டாய். மோட்டாரை அடுத்த வருஷம் மாற்றிக்கொள்ளலாம். கேன்ட்ரியை மாற்றப் போனால் தண்டவாளம், பக்கத் தட்டு, பெட் என்று மெஷின் முழுவதையும் பிரிக்க வேண்டிவரும். அதனால் அந்த இரண்டு கோட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இதே வேலையில் இறங்கியிருக்கும் மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

திருப்பூரில் நீ பார்த்து வளர்ந்த மெஷின்களில் பாதி கேன்ட்ரிதான். பேட்டர்ன் வரையும் பிளாட்டரைப் பார்: பேனா காகிதத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். அதற்கு மெல்லிய அலுமினியப் பட்டை போதும். லேசர் கட்டரில் தொடுவதுகூட இல்லை. பல தலை வைத்த கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் வேறு ஜாதி. கனமான தலைகள் எல்லாம் தடித்த பீமில் அசையாமல் நிற்கின்றன. லேசான துணிச் சட்டம்தான் கீழே நாலு பக்கமும் ஓடுகிறது. எது கனமோ அதை நிறுத்தி, எது லேசோ அதை ஓட்டியிருக்கிறார்கள். ரவுட்டர் கட்டப் போகும் பிள்ளைகள் பலர் பிளாட்டரையும் லேசரையும் பார்த்துவிட்டுப் பீம் அளவை முடிவு செய்கிறார்கள். ரவுட்டரில் பிட் மரத்தைத் தள்ளுகிறது, மரம் அதே விசையோடு திருப்பித் தள்ளுகிறது. அந்தத் தள்ளலுக்குத்தான் நீ இரும்பு வாங்குகிறாய்.

இப்போது கணக்குக்கு வா. பீம் ஒரு மீட்டர் நீளம், இரண்டு முனையிலும் தாங்கியிருக்கிறது, நடுவில் 10 கிலோ விசை என்று வைத்துக்கொள். உன் 50-க்கு 50, 3 மி.மீ. சுவர் டியூப் சுமார் 0.05 மி.மீ. வளையும். அதே விசைக்கு 100-க்கு 100, 6 மி.மீ. டியூப் 0.003 மி.மீ. வளையும். எடை மீட்டருக்கு நாலரை கிலோவிலிருந்து பதினெட்டு கிலோவாக, அதாவது நாலு மடங்கு ஏறுகிறது. விறைப்பு பதினாறு மடங்கு ஏறுகிறது. நீளத்தில் இந்தக் கணக்கு உனக்கு எதிராகத் திரும்பும். மெஷின் அகலத்தை, அதாவது பீம் நீளத்தை, இரண்டு மடங்காக்கினால் வளைவு எட்டு மடங்கு. ஆசைப்பட்டு ஒரு அடி கூட்டுவதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள். சூத்திரமெல்லாம் பி.எஸ்.ஜி. டிசைன் டேட்டா புக்கில் இருக்கிறது. மெக்கானிக்கல் படித்த யாரிடமாவது வாங்கி நீயே ஒருமுறை போட்டுப் பார்.

ஆனால் வளைவைவிட எனக்குக் கவலை முறுக்குதான். பிட் பீமில் இல்லை, பீமுக்குக் கீழே தொங்குகிறது. பீமின் நடுவிலிருந்து பிட் நுனி 250 மி.மீ. கீழே இருந்தால், அந்தப் பத்துக் கிலோ அத்தனை நீளக் கையைப் பிடித்துப் பீமைத் திருகுகிறது. உன் சிறிய டியூப்பில் அந்தத் திருகல் மட்டும் நுனியில் 0.06 மி.மீ. விலக்கும். வளைவையும் சேர்த்தால் 0.1 மி.மீ. தாண்டிவிட்டது. தண்டவாளம், போல்ட், ஸ்பிண்டில் பிடிப்பு எதையும் நான் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. ஒவ்வொன்றும் தன் பங்குக்கு விட்டுக்கொடுக்கும், எல்லாம் கூட்டலில்தான் போகும்.

முறுக்கைத் தாங்குவது மூடிய பெட்டி வடிவம். பனியன் அட்டைப் பெட்டியை மூடி இல்லாமல் இரண்டு கையால் முறுக்கிப் பார், பிறகு மூடி போட்டு டேப் ஒட்டி முறுக்கிப் பார், உன் கைக்கே தெரியும். டியூப்பின் ஒரு பக்கத்தை நீளவாக்கில் கீறிவிட்டால், ஏட்டுக் கணக்குப்படி அந்த 100 மி.மீ. டியூப்பின் முறுக்கு விறைப்பு 180-ல் ஒரு பங்காகிறது. அதனால் ஒரு பக்கம் திறந்த சி சேனல் மலிவாகக் கிடைக்கிறது என்று அதில் கேன்ட்ரி கட்டாதே. இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் 19-ஆம் நூற்றாண்டிலேயே மெஷின் சட்டங்களை உள்ளீடற்ற பெட்டியாக வார்க்க ஆரம்பித்தார். எடை குறைந்தது, விறைப்பு கூடியது. 1850-ல் வேல்ஸில் திறந்த பிரிட்டானியா பாலத்தில் ரயிலே இரும்புப் பெட்டிக் குழாய்க்குள் ஓடியது. 1962-ல் பஞ்சாலை மெஷினுக்காகத் தொடங்கிய கோவை லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் இன்று சிஎன்சி மெஷினும் செய்கிறது. பெரிய கம்பெனி வார்ப்பில் சாதிப்பதை நீ டியூப்பும் வெல்டிங்கும் வைத்துச் செய்யப் பார்க்கிறாய். வழி ஒன்றுதான்.

பீமிலிருந்து பிட் வரை தொங்கும் அந்தக் கையின் நீளத்தைக் குறைப்பது இன்னும் நல்லது, அதற்குக் காசும் ஆகாது. பீமுக்கும் மேஜைக்கும் நடுவில் 200 மி.மீ. விட்டிருக்கிறாய். எதற்கு? 18 மி.மீ. எம்டிஎஃப், மிஞ்சிப்போனால் கதவுப் பலகை. பிட்டும் பிடிமானமும் சேர்த்து 100 மி.மீ. தாராளம். மேஜையின் இரண்டு பக்கச் சுவரையும் உயர்த்தி, தண்டவாளத்தை அதன் மேல் வை. கேன்ட்ரிக்குக் கால் என்பதே இல்லாமல் பீம் நேராகத் தண்டவாளத்தில் ஓடும் வண்டிகள் மேல் உட்கார்ந்துவிடும். ஆடுவதில் முதல் குற்றவாளி காலாக நிற்கும் அந்த உயரமான பக்கத் தட்டுதான். பக்கவாட்டிலிருந்து ஷீட் ஏற்ற முடியாது, முன்னாலிருந்துதான் ஏற்ற வேண்டும், அதைப் பொறுத்துக்கொள்.

பீமின் முகத்தில் இரண்டு லீனியர் தண்டவாளத்தையும் எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வை. 80 மி.மீ. இடைவெளியில் 0.01 மி.மீ. லூஸ் இருந்தால் 240 மி.மீ. கீழே அது 0.03 ஆகிவிடும். இடைவெளியை 160 ஆக்கினால் பாதியாகும்.

அலுமினியமா இரும்பா என்று கேட்டிருந்தாய். ஒரே அளவில் இரும்பு ஏறத்தாழ மூன்று மடங்கு விறைப்பு. எடைக்கு மோட்டார் ஈடுகொடுக்கும் என்றால் இரும்பே போடு. விலை உயர்ந்த அலாய் ஸ்டீல் தேடாதே. அது உடையாமல் கூடுதல் பாரம் தாங்கும், ஆனால் சாதா மைல்ட் ஸ்டீல் வளையும் அளவுக்குத்தான் அதுவும் வளையும். டியூப்புக்குள் மணல் கொட்டச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதிர்வு கொஞ்சம் அடங்கும், விறைப்பு கூடாது.

வெல்டிங்கில் அவசரப்படாதே. சூடு இரும்பை இழுக்கும். இரண்டு முனையையும் தடித்த தகடு வைத்து மூடு. தண்டவாளம் உட்காரும் இடத்தில் 12 மி.மீ. பட்டை வைத்து, விட்டு விட்டுப் பற்றவை. எல்லாப் பற்றவைப்பும் முடிந்த பிறகுதான் கோவைக்கு எடுத்துப் போய், கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ பிளானோ மில்லர் உள்ள பட்டறையில் இரண்டு பட்டையையும் ஒரே செட்டிங்கில் மில் செய்து வாங்கு. மில் செய்த பீமில் மறுபடி ஒரு பொட்டு வெல்டிங்கூட வைக்கக் கூடாது.

மெஷின் நின்றதும் மரத்தில் பிட்டை இறக்கிவிடாதே. மோட்டார்களுக்குக் கரண்ட் கொடுத்துப் பிடித்து நிற்க வை. டயல் கேஜை மேஜையில் நிறுத்தி, முள்ளை ஸ்பிண்டில் மூக்கில் வைத்து, ஸ்பிரிங் தராசால் 10 கிலோ இழு. அளவைக் குறித்துக்கொள். ஸ்பிண்டிலில் இழுக்கும் இடத்தையும் விசையையும் மாற்றாமல், முள்ளை மட்டும் ஸ்பிண்டில் பிடிக்கும் தட்டுக்கு, பீமின் நடுவுக்கு, பீமின் முனைக்கு, கடைசியாகப் பக்கச் சுவருக்கு மாற்று. எந்த இரண்டு அளவுக்கு நடுவில் பெரிய வித்தியாசம் இருக்கிறதோ அங்கேதான் மெஷின் விட்டுக்கொடுக்கிறது. முன்பின்னாக ஒரு தடவை, பக்கவாட்டில் ஒரு தடவை இழு. அந்த ஐந்து இடத்து அளவையும் எழுதி எனக்கு அனுப்பு. இரும்பு எங்கே சேர்ப்பது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன். அதற்கு முன்னால், மேஜைக்கும் பீமுக்கும் எவ்வளவு இடைவெளி என்பதை மட்டும் இந்த வாரமே முடிவு செய்துவிடு. டியூப் அதற்கப்புறம் வாங்கலாம்.

அன்புடன்,
உன் அண்ணன்