திவால் பதிவேட்டைத் தேடுவது எப்படி?

நம் வீடுகளுக்கு மலாயிலோ ஆங்கிலத்திலோ ஒரு கடிதம் வந்தால், அது கடைசியில் நம் கைக்குத்தான் வந்து சேரும். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளி, இப்பொழுது பல்கலைக்கழகம் என்று படித்து வந்தவர்களை அப்பாவும் அம்மாவும் மட்டுமல்ல, மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அண்ணன் வரை எல்லாரும் வீட்டு மொழிபெயர்ப்பாளராகவே எண்ணுகிறார்கள். மின்கட்டணக் கடிதமென்றால் சிக்கல் இல்லை. ‘கெபாங்க்ரபான்’ என்ற சொல் தாங்கிய கடிதமென்றால் வீடே அமைதியாகிவிடும். அந்த நேரத்தில் நாம் சொல்லும் பதில் ஊகமாக இருக்கக் கூடாது. பதிவேட்டைப் பார்த்துச் சொல்லும் பதிலாக இருக்க வேண்டும். அதற்கான வழியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஒருவரைத் திவாலானவர் என்று அறிவிக்கும் அதிகாரம் இந்நாட்டில் உயர் நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. வங்கிக்கு இல்லை. கடன் வசூல் செய்யும் நிறுவனத்துக்கு இல்லை. ‘சிடோஸ்ல பேர் ஏறிடுச்சு, அவர் பேங்க்ராப்’ என்று நம் மக்கள் பேசிக்கொள்வது வழக்கம். சிடோஸ் ஒரு தனியார் கடன் அறிக்கை நிறுவனம். சிசிரிஸ் என்பது பேங்க் நெகாரா வைத்திருக்கும் கடன் தகவல் தொகுப்பு. கடன் கொடுப்பதா வேண்டாமா என்று வங்கி முடிவு செய்ய இவை உதவும். இவற்றில் பெயர் இருப்பதனால் மட்டும் யாரும் திவாலாகிவிடுவதில்லை.

எனக்கு உறவுமுறையில் மாமா ஒருவர் இருக்கிறார். தவணை கட்ட முடியாமல் அவருடைய காரை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதன்பின் தாம் திவாலாகிவிட்டதாகவே நம்பி, பல ஆண்டுகள் கடப்பிதழுக்கு விண்ணப்பிக்காமலேயே இருந்தார். தமிழ்நாட்டில் உள்ள குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பமே போனபோது அவர் மட்டும் வீட்டுக்குக் காவல். சென்ற ஆண்டு பதிவேட்டைத் தேடிப் பார்த்தோம். அவர் பெயரில் எந்தக் கட்டளையும் இல்லை. அவர் மகிழ்வார் என்று நினைத்தேன். அவரோ நெடுநேரம் பேசாமல் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தேடுவதற்கு முன் இந்த வழக்கு நடக்கும் வரிசை தெரிந்திருக்க வேண்டும். இல்லையேல் கையில் இருக்கும் தாள் எந்தப் படியைச் சேர்ந்தது என்று புரியாது. கடன் கொடுத்தவர் முதலில் சாதாரண வழக்குத் தொடுத்துத் தீர்ப்புப் பெறுகிறார். அந்தத் தீர்ப்பை வைத்து ‘நோத்திஸ் கெபாங்க்ரபான்’ எனும் திவால் அறிவிப்பை வெளியிடச் செய்கிறார். அது கடனாளியின் கையில் சேர்ந்த பிறகு பணத்தைக் கட்ட ஏழு நாள் அவகாசம் உண்டு. கட்டத் தவறினால் அது ‘திவால் செயல்’ ஆகிறது. அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் கடன் கொடுத்தவர் மனு தாக்கல் செய்யலாம். அம்மனு விசாரிக்கப்பட்டு ‘பெரிந்தா கெபாங்க்ரபான்’ என்ற கட்டளை பிறக்கும்போதுதான் ஒருவர் திவாலானவர். அறிவிப்பு வந்துவிட்டது என்பதும் கட்டளை பிறந்துவிட்டது என்பதும் வேறு வேறு. பழைய கோப்புகளில் ஒரே கட்டளைக்குப் பதிலாக ‘பெரிந்தா பெனெரிமாஆன்’, ‘பெரிந்தா பெங்ஹுக்குமான்’ என இரண்டைக் காண்பீர்கள். 2017 அக்டோபர் 6ஆம் நாள் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தம்தான் அவ்விரண்டையும் ஒன்றாக்கியது. 1967ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தின் ஆங்கிலப் பெயரும் அன்றிலிருந்து இன்சால்வன்சி சட்டம் என்று மாறியது.

தொகையையும் கவனியுங்கள். 2003இல் 30,000 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்ட குறைந்தபட்சக் கடன் அளவு, 2017இல் 50,000 ஆனது. 2021 செப்டம்பர் 1 முதல் அது 100,000 ரிங்கிட். ஆகவே பதினெட்டாயிரம் கடனுக்கு ‘உங்களைத் திவாலாக்கிவிடுவோம்’ என்று இன்று ஒரு கடிதம் வந்தால், அந்தக் கடன் ஒன்றை மட்டும் வைத்து அவ்வாறு செய்ய இயலாது. அதற்காகக் கடிதத்தைக் குப்பையில் போட்டுவிடக் கூடாது. வழக்குத் தொடுக்கவும், தீர்ப்பு வந்தபின் உடைமையைப் பறிமுதல் செய்யவும் சட்டத்தில் வேறு வழிகள் உள்ளன.

கட்டளை பிறந்தது தெரியாமலேயே ஒருவர் ஆண்டுக்கணக்கில் வாழ முடியுமா? முடியும். விமான நிலையத்தில் குடிநுழைவு முகப்பில் நின்றபோதுதான் தெரிந்தது என்று சொல்பவர்கள் உண்டு. இதற்குக் காரணம் ஆவணம் சேர்க்கப்படும் முறை. அறிவிப்பை நேரில் கொடுக்க முடியாதபோது மாற்று முறையில் சேர்க்க நீதிமன்றம் அனுமதிக்கலாம். கடைசியாகத் தெரிந்த முகவரியில் ஒட்டுவது, நீதிமன்ற அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது, நாளிதழில் விளம்பரம் செய்வது ஆகியவை அத்தகையன. நம் மக்களில் பலருக்கு அடையாள அட்டையில் இருப்பது தோட்டத்து முகவரி. தோட்டம் துண்டாடப்பட்டு, லயம் இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் வீடமைப்புத் திட்டமே எழுந்துவிட்டிருக்கும். அட்டை மட்டும் மாறியிருக்காது. ஒட்டிய தாளை யார் படிப்பார்கள்? 2017ஆம் ஆண்டுத் திருத்தம் இதை இறுக்கியது. கடனாளி வேண்டுமென்றே ஒளிகிறார் அல்லது தப்புவதற்காக வெளிநாட்டில் தங்குகிறார் என்று நிரூபித்தால்தான் இப்பொழுது மாற்று முறைக்கு அனுமதி. அதற்கு முன் பிறந்த கட்டளைகள் இன்றும் பதிவேட்டில் இருக்கலாம். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்காகத் தேடும்போது இதை மனத்தில் வையுங்கள்.

இனித் தேடலுக்கு வருவோம். பதிவேட்டை வைத்திருப்பது மலேசிய திவால் துறை. மலாயில் ஜபாத்தான் இன்சொல்வென்சி. தலைமையகம் புத்ராஜெயாவில். மாநிலங்களில் கிளைகள் உள்ளன. பழைய கடிதங்களில் இத்துறைத் தலைவரின் பதவி ‘பெகாவாய் பெமெகாங் ஹார்த்தா’ என்றிருக்கும். 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அதுவே ‘கெத்துவா பெங்காரா இன்சொல்வென்சி’ ஆனது. பெயர் மாறியதனால் வேறு அலுவலகம் என்று அலைய வேண்டாம். துறையின் இ-இன்சொல்வென்சி அகப்பக்கத்தில் பதிந்துகொண்டு, ‘சாரியான்’ என்ற பகுதியில் கட்டணம் கட்டித் தேடலாம். கிளை அலுவலக முகப்பிலும் விண்ணப்பிக்கலாம். தேடலின் முடிவை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அது தேடிய நாளின் நிலையை மட்டுமே காட்டும். வீடு வாங்கும்போது வழக்கறிஞர்கள் கையெழுத்து நாள் நெருங்கும் வேளையில் மீண்டும் ஒரு முறை தேடுவதன் காரணம் அதுதான்.

தேடும்போது பெயரை நம்பாதீர்கள், எண்ணை நம்புங்கள். இது நமக்கே உரிய தொல்லை. ‘முனியாண்டி’ என்ற ஒரு பெயரைப் பிறப்புப் பத்திரம் எழுதிய குமாஸ்தா ஒரு விதமாகவும், பள்ளி ஒரு விதமாகவும், வங்கி ஒரு விதமாகவும் ரோமன் எழுத்தில் எழுதியிருக்கும். கடைசி எழுத்து ஓரிடத்தில் ஐ, இன்னோரிடத்தில் ஒய். சில தாள்களில் தகப்பன் பெயர் விடுபட்டிருக்கும். அதே பெயர், அதே தகப்பன் பெயர் கொண்ட இருவர் ஒரே ஊரில் இருப்பதும் நமக்குப் புதிதல்ல. ஆகையால் பன்னிரண்டு இலக்க அடையாள அட்டை எண்ணைக் கொண்டே தேட வேண்டும். மூத்தவர்களுக்கு இன்னொரு படி உண்டு. அவர்களுடைய பழைய கடன் ஒப்பந்தங்கள் பழைய ஏழு இலக்க எண்ணில் இருக்கும். அந்த ஒப்பந்தத்திலிருந்து எழுந்த வழக்கும் பழைய எண்ணைத் தாங்கியிருக்கலாம். இரண்டு எண்ணையும் கொண்டு தேடிய பிறகே ‘இல்லை’ என்று சொல்லுங்கள். பழைய எண் மறந்து போயிருந்தால் திருமணப் பத்திரத்திலோ நிலப்பட்டாவிலோ பாருங்கள்.

பெயர் இருந்தால் வழக்கு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மேலும் தேட அதுவே திறவுகோல். அந்த எண்ணில் 29 என்ற இலக்கம் இருக்கும். உயர் நீதிமன்றத்தில் திவால் வழக்குகளுக்கான குறியீடு அது. முன்னால் வரும் எழுத்துகள் எந்த நீதிமன்றம் என்பதைக் காட்டும். கோலாலம்பூருக்கு டபிள்யூ.ஏ., ஈப்போவுக்கு ஏ.ஏ. என்பன போல. பின்னால் வருவன வரிசை எண், மாதம், ஆண்டு. எந்த ஊர் நீதிமன்றத்துக்குப் போவது என்று இதிலிருந்தே தெரிந்துவிடும். தேவையற்ற ஒரு பேருந்துப் பயணம் மிச்சம்!

பதிவேடு ஒருவர் திவாலானவரா என்பதைச் சொல்லும். எப்படி ஆனார் என்பதை நீதிமன்றக் கோப்புத்தான் சொல்லும். வழக்கறிஞர்கள் நீதித்துறையின் மின் தாக்கல் முறை வழியாகவே கோப்பைத் தேடிப் பார்க்கிறார்கள். வழக்கறிஞர் இல்லாதவர் அந்த உயர் நீதிமன்றப் பதிவகத்துக்குத் தம் அடையாள அட்டையோடும் வழக்கு எண்ணோடும் நேரில் சென்று கேட்பதே நேர்வழி. அப்பா பேரில் இருக்கும் கோப்பென்றால் அப்பாவையும் அழைத்துச் செல்லுங்கள். ‘மகன்தானே’ என்பது அங்கே எடுபடாது. கேட்க வேண்டியது ‘சாலினான் டியாக்கூய் சாஹ்’, அதாவது சான்றுறுதி செய்யப்பட்ட படி.

கோப்பு முழுவதையும் பார்த்து மிரள வேண்டாம். முதலில் தீர்ப்பையும் திவால் அறிவிப்பையும் அருகருகே வைத்துத் தொகையும் வட்டியும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். அடுத்து, ‘அஃபிடாவிட் பென்யாம்பாயான்’ எனும் சத்தியப் பிரமாணப் பத்திரத்தைப் படியுங்கள். எந்த நாளில், எந்த முகவரியில், யார் கையில் அறிவிப்பு கொடுக்கப்பட்டது என்பதைச் சேர்த்தவர் அதில் சத்தியம் செய்திருப்பார். அந்த நாளில் உங்கள் குடும்பம் அங்கே இருந்ததா? கோப்பில் இருக்கும் தாள்களிலேயே மிக முக்கியமானது இதுதான் என்பது என் கருத்து. கடனை முழுமையாகத் தீர்த்திருந்தாலோ, கட்டளை பிறந்திருக்கவே கூடாது என்று நீதிமன்றம் கருதினாலோ, சட்டத்தின் 105ஆம் பிரிவின்கீழ் அதை இரத்துச் செய்யலாம். அதற்கு வேண்டிய சான்று இத்தாளில் கிடைக்கக்கூடும். இந்தக் கட்டத்தில் வழக்கறிஞரைப் பார்க்கக் காலம் தாழ்த்தக் கூடாது.

நீதித்துறையின் அகப்பக்கத்தில் எழுத்து வடிவத் தீர்ப்புகளை இலவசமாகப் படிக்கலாம். ஆனால் பெரும்பாலான திவால் கட்டளைகள் விரிவான தீர்ப்பு இல்லாமலே பிறப்பவை. அங்கே பெயர் இல்லையென்றால் அதற்குப் பொருள் ஒன்றுமில்லை. குடிநுழைவுத் துறையின் அகப்பக்கத்திலும் அடையாள அட்டை எண்ணைக் கொடுத்துப் பயணத் தடை உண்டா என்று பார்க்கலாம். தடை இருந்தால் அது திவாலால்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வருமான வரி பாக்கிக்காகவும் தடை விதிக்கப்படுவதுண்டு. சிங்கப்பூரில் வேலை செய்யும் நம்மவர் அங்கே பட்ட கடனுக்கு அந்நாட்டுப் பதிவேட்டைத் தனியே தேட வேண்டும். அங்கே அளவு 15,000 சிங்கப்பூர் வெள்ளிதான்.

பிறரைப் பற்றித் தேடலாமா? வீடோ நிலமோ வாங்குபவர் விற்பவரைத் தேடத்தான் வேண்டும். திவாலானவரின் சொத்து திவால் துறைத் தலைவர் வசம் போய்விடுகிறது. கூட்டாகத் தொழில் தொடங்குபவரும் தேடலாம். திவாலானவர் அனுமதியின்றி நிறுவன இயக்குநராக இருக்கக் கூடாது. மாப்பிள்ளை வீட்டாரைத் தேடிப் பார்த்துப் பத்துப் பொருத்தத்தோடு பதினொன்றாவதாக இதையும் சேர்த்துக்கொள்வோர் உண்டு என்று கேள்வி. அதில் எனக்கு உடன்பாடில்லை. எப்படியாயினும், கிடைத்த தாளை வாட்ஸ்அப் குழுவில் போடுவது அறமல்ல.

நமக்கு மிக நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. கல்விக் கடனுக்கோ உபகாரச் சம்பளத்துக்கோ நமக்காகக் கையெழுத்திட்ட பெரியப்பா, அத்தை, ஆசிரியர் ஆகியோர் சட்டத்தின் கண்ணில் ‘சமூகப் பிணையாளர்’. இலாப நோக்கமின்றிக் கல்விக்கும், சொந்தப் பயன்பாட்டு வாகனத்தின் வாடகைக் கொள்முதலுக்கும், தாம் குடியிருக்கும் வீட்டுக்கான கடனுக்கும் பிணை நின்றவர்கள் இதில் அடங்குவர். 2017ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இவர்கள்மீது திவால் நடவடிக்கை எடுக்க முடியாது. மற்றப் பிணையாளர்மீது நடவடிக்கை எடுக்கவும், கடன் வாங்கியவரிடம் எல்லா வழிகளையும் முயன்று பார்த்தபின் நீதிமன்ற அனுமதி பெற வேண்டும். ஆனால் அத்திருத்தத்துக்கு முன்பே தொடங்கிய வழக்குகள் பழைய சட்டப்படியே நடந்தன. உங்களுக்கு முன் படித்த அண்ணன் அக்காவுக்குப் பிணை நின்றவர் யாரென்று வீட்டில் கேட்டு, அவர் இசைந்தால் அவருடைய இரண்டு எண்களையும் வாங்கித் தேடிப் பாருங்கள்.

பெயர் இருந்துவிட்டால் அடுத்த கேள்வி, ‘பென்யாத்தா ஹால் ஏஹ்வால்’ எனும் சொத்து, கடன் விவர அறிக்கையை அவர் துறையிடம் கொடுத்தாரா என்பது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்த தானியங்கி விடுவிப்புக்கு உரிய மூன்றாண்டு அந்த அறிக்கையைச் சமர்ப்பித்த நாளிலிருந்துதான் எண்ணப்படும். அறிக்கையே கொடுக்காதவருக்கு எண்ணிக்கை தொடங்கவே இல்லை. விடுவிக்கப்பட்டவர் அதற்கான சான்றிதழைப் பல படிகள் எடுத்து, ஒன்றை வங்கிக்கும் ஒன்றைக் கடன் அறிக்கை நிறுவனத்துக்கும் கொடுத்துப் பதிவைத் திருத்தச் சொல்ல வேண்டும். மூலத்தைக் கடப்பிதழோடு ஒரே உறையில் வைத்திருப்பது நல்லது.