மண்டூர்த் திருவிழாவுக்கு உடுத்துவது பட்டா, பருத்தியா?

ஆவணி நெருங்கினால் எங்கள் பக்கத்து வீடுகளில் அலுமாரிகள் திறந்துவிடும். மண்டூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடியேறிவிட்டது என்ற செய்தி வந்ததும், பட்டுச் சேலையை எடுப்பதா பருத்தியை எடுப்பதா, பிள்ளைக்குப் பாவாடை சட்டையா பஞ்சாபியா, மருமகனுக்குப் பட்டு வேட்டியா வெறும் நாலு முழமா என்ற பேச்சுத் தொடங்கும். லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் விடுமுறைக்கு வந்து நிற்பவர்களுக்குக் குழப்பம் இன்னும் அதிகம். அவர்களுக்காகவும், கொழும்பிலிருந்து முதல்முறை வருகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீர்த்தத்துக்குப் பருத்தி. இரவுத் திருவிழாவுக்கு, ஆசையிருந்தால் பட்டு. ஆண்களுக்கு எந்த நாளானாலும் வெள்ளை வேட்டியும் சால்வையும்.

மண்டூரைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். கதிர்காமத்தைப் போலவே இங்கும் கப்புகனார் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டுதான் பூசை செய்கிறார். மந்திரம் ஓதும் வழக்கம் இல்லை. மூலஸ்தானம் திரைக்குப் பின்னால் இருக்கிறது. சூரனை வென்ற வேல் இங்கே ஒரு தில்லை மரத்தில் வந்து தங்கியது என்பது ஐதிகம். தில்லை மண்டூர் என்ற பெயரும் அதனால் வந்தது. கொக்கட்டிச்சோலை, திருக்கோவில், சித்தாண்டி ஆகிய கோயில்களோடு மட்டக்களப்புத் தேசத்துத் திருப்படைக் கோயில்களில் ஒன்றாக வைத்து எண்ணப்படுவது. பூசை செய்கிறவரே வெள்ளைத் துணியில் மௌனமாக நிற்கும் இடம் இது. உடுப்பைத் தெரிவு செய்யும்போது அதை மனதில் வைத்திருந்தால் பாதிக் கேள்விகள் தாமாகவே தீர்ந்துவிடும்.

மிச்சத்தை நாளும் வழியும் தீர்க்கும். கொடியேற்றத்திலிருந்து தீர்த்தம் வரை மூன்று கிழமையளவு திருவிழா நடக்கும். இடைப்பட்ட இரவுகளில் வெயில் இல்லை, வாவிப் பக்கமிருந்து காற்று வரும், கூட்டமும் தாங்கக்கூடியது. சுவாமி வெளிவீதி வரும்வரை மணலில் உட்கார்ந்திருக்கலாம். தீர்த்தத்தன்று கதை வேறு. ஆவணிப் பூரணையை ஒட்டி, ஓகஸ்ட்டிலோ செப்டெம்பரிலோ வரும் அந்த நாளில் மாரி மழை இன்னும் தொடங்கியிராது. கச்சான் காற்றில் காய்ந்த மணல் உள்ளங்காலைச் சுடும். முதல் நாளே வந்து கோயிலடியில் தங்கியவர்கள், காவடி எடுப்பவர்கள், கற்பூரச் சட்டி ஏந்துபவர்கள், அங்கப்பிரதட்சணை செய்பவர்கள், ஈரத்தோடு நிற்பவர்கள் என்று ஒருவரோடு ஒருவர் உரசாமல் ஓர் அடி வைக்க முடியாது. அன்று உடலில் இருக்கும் துணி நனையும், மணல் ஒட்டும், திருநீறும் மஞ்சளும் படும். இதையெல்லாம் தாங்குவதற்கே அன்றைக்கு உடுப்பு.

அடுத்தது வழி. மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம். கடலோரக் கரை எழுவான்கரை, உள்நாட்டுப் பக்கம் படுவான்கரை. மண்டூர் படுவான்கரையில் இருக்கிறது. களுவாஞ்சிகுடியிலிருந்து பட்டிருப்புப் பாலத்தால் போரதீவுப் பக்கமாகச் சுற்றி வாகனத்தில் வரலாம்; குருமண்வெளித் துறையிலிருந்து பாதை ஏறி நேரே வாவியைக் கடந்தும் வரலாம். ஆட்களோடு சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ஏற்றிக்கொள்ளும் தட்டையான மிதவைதான் பாதை. 2014இல் பாலம் திறக்கும்வரை மண்முனைத் துறையிலும் இதில்தான் கடந்தார்கள்.

வாகனத்தில் வந்தால் எந்தச் சேலையும் கசங்காமல் கோயிலடிக்கு வந்துசேரும். பாதையால் வருவதென்றால் யோசிக்க வேண்டும். ஏறும் பலகை ஈரமாக இருக்கும். வலது கையால் கொய்யகத்தைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்து, இடது கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். ஏறிய பிறகு நிற்கும் இடம், சற்றுமுன் ஓடி வந்த மோட்டார் சைக்கிளின் சூட்டுக் குழாய்க்கும் ஓரக் கம்பிக்கும் நடுவில்தான். கம்பியில் சாய்ந்தால் துரு. சைக்கிள் சங்கிலியில் முந்தானை பட்டால் கிறீஸ். பட்டில் ஏறிய கிறீஸ் போகாது. பருத்தியென்றால் வீட்டுக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டுத் தேய்க்கலாம். இவ்வளவு சிரமம் இருந்தும், முடிந்தவர்கள் பாதையாலேயே வாருங்கள் என்பேன். எழுவான்கரைச் சனம் தலைமுறை தலைமுறையாக முருகனிடம் வந்த வழி அது. நடு வாவியில் நின்று அந்தக் கரையைப் பார்க்கும்போதுதான் திருவிழா தொடங்குகிறது.

ஆண்களின் விசயத்தில் தெரிவு குறைவு. உள்ளே போவதென்றால் மேற்சட்டையைக் கழற்றி, சால்வையை இடுப்பில் கட்டிக்கொள்வதுதான் முறை. நீளக் காற்சட்டையோடு வரும் இளைஞர்கள் கடைத்தெருவிலும் வீதியிலுமே நின்று திரும்பிவிடுகிறார்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டு அப்படித் திரும்புவது எனக்குக் கவலையாக இருக்கும். ஒரு வேட்டியை மடித்துப் பையில் வைத்தால் போதும்.

எந்த வேட்டி என்பதில்தான் தெரிவு இருக்கிறது. எட்டு முழம் பார்க்க எடுப்பானது, இரட்டையாகச் சுற்றுவதால் உடம்பு தெரியாது. ஆனால் நனைந்தால் கனம், காயவும் நேரமெடுக்கும். நாலு முழம் இலேசு, சீக்கிரம் காயும். ஆனால் வெள்ளைத் துணி ஒற்றையாக நனைந்தால் உள்ளே இருப்பது அப்படியே தெரியும். தீர்த்தமாடப் போகிறவர்கள் நாலு முழத்துக்குள் தடித்த அரைக் காற்சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்வது நல்லது. ஒட்டு வேட்டி இப்போது எல்லாருக்கும் பிடித்திருக்கிறது. இரவுத் திருவிழாவுக்கு அது சரி. மணலும் ஈரமும் ஏறினால் அந்த ஒட்டு பிடிக்காது. கூட்டத்துக்குள் நெருக்குப்படும்போது அவிழ்ந்துவிடும். தோல் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், தோல் பொருளைக் கோயிலுக்குள் கொண்டுபோக மாட்டோம். சால்வையை வேட்டிக்கு மேலே இறுக்கிக் கட்டுவதுதான் பழைய வழி, உறுதியான வழியும் அதுவே. பட்டு வேட்டி உபயகாரர்களுக்கு அழகு. பூசைத் தட்டோடு முன்னால் நிற்கிறவர்கள் உடுத்தட்டும், மற்றவர்களுக்கு அவசியமில்லை.

பெண்களின் அலுமாரிதான் பெரிய கேள்வி. காஞ்சிபுரப் பட்டு ஐந்தரை மீற்றர், அரைக் கிலோவுக்கு மேல் கனக்கும். இரவில், விளக்கு வெளிச்சத்தில், அந்தக் கரையின் மினுக்கம் கண்ணுக்கு நிறைவு என்பதை நான் மறுக்கவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வரும் திருவிழாவுக்கு நல்லதை உடுத்த வேண்டும் என்று நினைப்பதும் பக்திதான். ஆனால் பட்டுக்கு வியர்வை ஆகாது. வாவித் தண்ணீரில் உப்பு உண்டு. அது காய்ந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாக வரி விழும், சரிகை கறுக்கும். வீட்டில் அலசினால் நிறம் போகிறது, கடையில் கொடுத்துச் சுத்தம் செய்யக் காசு போகிறது. பாதையில் ஒரு வயதான அம்மா, பளபளவென்று நின்ற ஒரு பிள்ளையிடம் சொன்னதைக் கேட்டிருக்கிறேன்: “பட்டெல்லாம் எதுக்குப் புள்ள? தண்ணிக்குள்ள இறங்கினாக் கல்லுப் போலக் கனக்கும். மேலுக்கு ஏற ஏலாது.” சொன்னவர் கட்டியிருந்தது பலமுறை தோய்த்து மெதுமெதுத்துப்போன மஞ்சள் பருத்திச் சேலை.

அந்தப் பருத்தியை வாங்க இந்தியாவுக்குப் போக வேண்டியதில்லை. களுவாஞ்சிகுடியிலிருந்து தெற்கே, கல்முனைக்கு முன்னால் மருதமுனை இருக்கிறது. முஸ்லிம் நெசவாளர்களின் ஊர். சாறனும் சேலையும் படுக்கை விரிப்பும் கைத்தறியில் நெய்து பேரெடுத்த ஊர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலை அந்தக் கரையை அடித்துப் போனபோது தறிகளும் போயின. அதன் பிறகும் நெசவு நிற்கவில்லை. மருதமுனைச் சேலை வியர்வையை உறிஞ்சும், நனைந்தால் உடம்பில் அசிங்கமாக ஒட்டாது, கரையில் நின்றால் காற்றிலேயே காய்ந்துவிடும். ஒரு கரையில் நெய்ததை உடுத்து மறு கரையின் கந்தனைக் கும்பிடுவது எனக்கு மிகவும் பிடித்த விசயம்.

பட்டுக்கும் பருத்திக்கும் நடுவில் இன்னொன்று இருக்கிறது: ஜோர்ஜெற், பொலியெஸ்டர், நைலோன் கலந்த இலேசான சேலைகள். விலை குறைவு, கசங்காது, தோய்ப்பது சுகம். தீர்த்தத்தன்று இவற்றைத்தான் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். கற்பூரச் சட்டிகள் இடுப்பளவு உயரத்தில், தோளோடு தோள் உரச நகர்கின்றன. பருத்தியிலும் தீப்பிடிக்கும், ஆனால் இந்தத் துணிகள் உருகித் தோலோடு ஒட்டிவிடும், காயம் ஆழமாகும். எந்தச் சேலையானாலும் முந்தானையைத் தொங்கவிடாமல் சுற்றி எடுத்து இடுப்பில் செருகுங்கள். தோளில் ஓர் ஊசி, கொய்யகத்தில் ஓர் ஊசி குத்துங்கள்.

சேலை கட்டிப் பழகாத இளம்பெண்களுக்குப் பாவாடை தாவணி நல்லது. பஞ்சாபி போடலாமா என்று கேட்பார்கள். தமிழ்நாட்டில் 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, 2016 ஜனவரி முதல் கோயில்களுக்கு என்ன உடுத்தி வரலாம் என்று ஓர் உத்தரவே போட்டது. அதில் சேலை, தாவணியோடு மேலாடை சேர்ந்த சுடிதாரும் இருந்தது. பிறகு அந்த உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. மண்டூரில் நீதிமன்றம் சொல்ல வேண்டியதில்லை, பக்கத்தில் நிற்கும் பெரியம்மாவின் பார்வையே சொல்லிவிடும். முழுநீளமாக, துப்பட்டாவை விரித்துப் போட்ட பருத்திப் பஞ்சாபியை யாரும் குறையாகப் பார்ப்பதில்லை. இறுக்கமான கால்சட்டையும் குட்டைச் சட்டையும் வேண்டாம்.

சிறுமிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தக் கோயிலில் சுவாமிக்கு ஆலாத்தி எடுப்பது சின்னப் பெண்பிள்ளைகள். தீர்த்தம் முடிந்து அவர்கள் மயங்கி விழுவதும், பின் தெளிந்து எழுவதும் இந்தக் கோயிலுக்கே உரிய காட்சி. அவர்களைப் பார்த்துத் தங்கள் பிள்ளைக்கும் பட்டுப் பாவாடையும் ஒட்டியாணமும் போட்டுவிடுகிற தாய்மார் இருக்கிறார்கள். ஆலாத்திப் பிள்ளைகளைக் கவனிக்க ஆட்கள் இருப்பார்கள். உங்கள் பிள்ளை வெயிலில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்க வேண்டியவள். பருத்திப் பாவாடை, கையில்லாத சட்டை, குடிக்கத் தண்ணீர் போதும். சங்கிலியைக் கழற்றி வீட்டில் வையுங்கள். பெரியவர்களும் தாலியைத் தவிர மற்ற நகையை வைத்துவிட்டு வருவது நல்லது. செருப்பு பழையதாக இருக்கட்டும்.

வெளிநாட்டிலிருந்து வருகிற சிலர் சொகுசுக் கப்பல்களில் போய்ப் பழகியவர்கள். குனார்ட் போன்ற கப்பல்களில் சில இரவுகளை விருந்து இரவு என்று வைப்பார்கள். ஆண்கள் கறுப்புக் கோட்டு, டை. பெண்கள் நீண்ட கவுன். விரும்பாதவர்கள் வேறு சாப்பாட்டு அறைக்குப் போகலாம். நோர்வீஜியன் கப்பல்களில் அந்தக் கட்டாயமே இல்லை. மண்டூரில் வேறு அறை கிடையாது. கோட்டு வைத்திருப்பவரும் ஒற்றை வேட்டிக்காரரும் ஒரே மணலில் நிற்க வேண்டும், அதற்கேற்ற உடுப்பே இங்கே சரி.

ஆனால் தீர்த்தத்துக்கு வேண்டாம் என்ற அந்தப் பட்டைக் கப்பலுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்வேன். குனார்ட்டின் விதி தேசிய உடையை ஏற்கிறது. குளிரூட்டிய மண்டபம், மணல் இல்லை, தீயில்லை, உப்புத் தண்ணீர் கப்பலுக்கு வெளியேதான். காஞ்சிபுரத்துக்கு அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. ஆண்கள் பட்டு வேட்டியும் நஷனலும் போட்டு அந்த மேசையில் உட்காரலாம். கூச்சப்பட ஒன்றுமில்லை. 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டசபை அப்படித் தடுப்பதற்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது. வேட்டியை மரியாதையான உடையாக நாம் மதித்தால்தான் மற்றவனும் மதிப்பான்.

கடைசியாக, வாங்குகிறவர்களுக்கு. தீர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே வாங்கிவிடுங்கள். கடைசி நாளில் களுவாஞ்சிகுடி, கல்முனைக் கடைகளில் நெருக்கடி. புதுப் பருத்திச் சேலை, அதிலும் சிவப்பும் கருநீலமும், முதல் தண்ணீரில் சாயம் விடும். அப்படியே கட்டிக்கொண்டு தீர்த்தத்தில் இறங்கினால் பக்கத்தில் நிற்பவரின் வெள்ளை வேட்டி நிறம் மாறிவிடும். ஒரு பிடி உப்புப் போட்ட தண்ணீரில் ஊறவைத்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசி, நிழலில் காயப்போடுங்கள். மாற்றுடுப்பையும் ஒரு துவாயையும் சொப்பிங் பாக்கில் சுற்றி எடுத்துக்கொள்ளுங்கள். ஈர உடுப்போடு திரும்பப் பாதை ஏறினால் வாவிக் காற்றில் பிள்ளைகள் குளிரில் நடுங்குவார்கள்.