பெரியவன் கையிலும் சொப்புச் சாமான்!

(இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவன், புன்னக்காயல்)



தலைப்பைப் பார்த்ததும் சிரிப்பு வந்திருக்கும். வரட்டும். போன வருஷம் கணக்கு வகுப்பில் என் கையிலிருந்து ஒரு குட்டி மர உலக்கை நழுவி, உருண்டு, கரும்பலகைக்கு அடியில் போய் நின்றபோது செக்ஷனே சிரித்தது. "என்னல, சோறு பொங்கி விளையாடுதியா?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். அந்த உலக்கை என் தங்கச்சியின் சொப்புப் பெட்டியிலிருந்து எடுத்தது. அதை ஏன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரிகிறேன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு ஆள் இருப்பான். வகுப்பு தொடங்கிப் பத்தாவது நிமிஷத்தில் மனசு எங்கேயோ போய்விடும். ரெக்கார்டு நோட்டை, வைக்க வேண்டிய நாள் காலையில்தான் எழுத உட்காருவான். ஹால் டிக்கெட்டைத் தொலைப்பான். பெஞ்சு ஆடுகிற மாதிரி காலை ஆட்டிக்கொண்டே இருப்பான். வாத்தியார் "சோம்பேறி" என்பார், வீட்டில் "பொறுப்பத்தவன்" என்பார்கள். இதெல்லாம் எல்லோருக்கும் எப்போதாவது நடப்பதுதான். ஆனால் சின்ன வயசிலிருந்தே, வீட்டிலும் பள்ளியிலும் வேலையிலும், பிழைப்பே இடறும் அளவுக்கு நடந்தால் அதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு: ஏ.டி.எச்.டி. தமிழில் கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு என்கிறார்கள்.

1902ல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றினார். அதற்கப்புறம் வெகுகாலம் இது சின்னப் பிள்ளைகளின் கோளாறு, மீசை முளைத்தால் போய்விடும் என்றே நினைத்தார்கள். பலருக்கு அது போவதில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013ல் வெளியிட்ட கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குத் தனிக் கணக்கே வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு ஆறு அறிகுறி வேண்டும், பெரியவர்களுக்கு ஐந்து போதும். ஆனால் சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும். உலக அளவில் பெரியவர்களில் 100க்கு 2 அல்லது 3 பேருக்கு இது உண்டு என்று மதிப்பிடுகிறார்கள். 60 பேர் உள்ள நம் செக்ஷனில் ஒருவர் இருந்தால் ஆச்சரியமில்லை. ஒருவன் இருந்தான், அவன் நான்தான்! தூத்துக்குடியில் மனநல டாக்டரைப் பார்த்தபோது அவர் முதலில் கேட்டது என்னை அல்ல, அம்மாவை. "சின்னதுல இருந்தே இவன் ஒரு எடத்துல இருக்க மாட்டான் சார்" என்று அம்மா ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேசினார்கள்.

சரி, பொம்மைக்கு வருவோம். எங்கள் ஊர்க் கடற்கரையில் பெரியவர்கள் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டேதான் ஊர்க்கதை பேசுவார்கள். கை ஒரு வேலையில் இருக்கும், காது பேச்சில் இருக்கும். கையை அடக்கி வைத்தால்தான் கவனம் வரும் என்று பள்ளிக்கூடம் நமக்குச் சொல்லிக்கொடுத்தது. எல்லோருக்கும் அது பொருந்தாது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 2015ல் வெளியான ஆய்வில், ஏ.டி.எச்.டி. உள்ள 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளின் கணுக்காலில் அசைவை அளக்கும் கருவி கட்டிப் பார்த்தார்கள். அதிகமாக அசைந்த நேரங்களில்தான் அவர்களுடைய விடைகள் சரியாக இருந்தன. இங்கிலாந்தில் பிளிமத் பல்கலைக்கழகத்தின் ஜாக்கி ஆண்ட்ரேட், இந்தக் குறைபாட்டுக்கென்று இல்லாமல் பொதுவாக 40 பேரை ஒரு சலிப்பான டெலிபோன் பேச்சைக் கேட்க வைத்தார். கேட்டுக்கொண்டே காகிதத்தில் கட்டங்களுக்கு நிழல் தீட்டியவர்கள், சும்மா கேட்டவர்களைவிட 29 சதவீதம் கூடுதலாக நினைவு வைத்திருந்தார்கள்.

ஆனால் எந்தப் பொம்மையும் ஆகாது. 2017ல் விரலில் வைத்துச் சுற்றும் ஸ்பின்னர் உலகம் பூரா பைத்தியமாகப் பரவியது ஞாபகம் இருக்கிறதா? கவனம் கூடும் என்று சொல்லியே விற்றார்கள். ஏ.டி.எச்.டி. உள்ள சிறு பிள்ளைகளிடம் வகுப்பிலேயே கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில் கவனம் குறையத்தான் செய்தது. நான் வாங்கியபோதும் அதே கதை. காரணம் எளிது: அது சுற்றினால் கண் அதன் மேலே போகிறது. ஆகவே பொம்மை கைக்கு மட்டும் வேலை கொடுக்க வேண்டும், கண்ணைக் கேட்கக் கூடாது, சத்தமும் கூடாது. பால்பாயிண்ட் பேனாவை டிக் டிக் என்று அமுக்குவது உனக்கு நல்லது, பக்கத்தில் இருப்பவனுக்குத் தலைவலி!

இந்த மூன்றுக்கும் பொருந்தியது அந்த உலக்கை. நம்ம தாமிரபரணிக்கு மேலே அம்பாசமுத்திரம், கீழே கடலில் சேருகிற இடத்தில் எங்கள் புன்னக்காயல். அம்பாசமுத்திரத்தில் மரத்தைக் கடைசல் பிடித்து, அரக்குச் சாயம் ஏற்றிச் செய்கிற சொப்புச் சாமான் எவ்வளவு வழுவழுப்பு என்று லேத் பிடித்த கைக்குத் தெரியும். உள்ளங்கையில் வைத்து உருட்டினால் டெஸ்கின் கீழே யாருக்கும் தெரியாது. (வொர்க்ஷாப்பில் மட்டும் வேண்டாம். மெஷின் ஓடும்போது கையில் வேலையைத் தவிர வேறெதுவும் கூடாது.) இது ஆய்வு அல்ல, என் கை கண்டது.

அடுத்தது நேரம். ரஸ்ஸல் பார்க்லி என்ற அமெரிக்க உளவியலாளர் இதை நேரக் குருட்டுத்தனம் என்றே சொல்கிறார். பத்து நிமிஷம் எவ்வளவு என்பது எங்களுக்குள்ளே தெரியாது; வெளியே, கண் முன்னால் காட்ட வேண்டும். நான் விட்ட ஆத்தூர் பஸ்களை எண்ணினால் ஒரு டிப்போ வைக்கலாம். அமெரிக்காவில் ஜான் ராஜர்ஸ் என்ற தாய், "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று ஓயாமல் கேட்ட தன் சின்ன மகளுக்காக, மீதி நேரம் சிவப்பு வட்டமாகச் சுருங்கிக்கொண்டே வரும் ஒரு கடிகாரம் செய்தார். இன்று அது பெரிய கம்பெனிகளின் மீட்டிங் அறையில்கூட இருக்கிறது. அந்தக் காசு நமக்கு இல்லை. பிள்ளைகள் பல் தேய்க்க விற்கிற பிளாஸ்டிக் மணல் கடிகாரம் போதும். "மணல் இறங்கும் வரை மட்டும் ரெக்கார்டு எழுதுவேன்" என்று உட்காருவேன். தொடங்குவதுதான் பெரிய பாடு. தொடங்கிவிட்டால் பெரும்பாலும் கை நிற்பதில்லை.

எந்தப் பாடத்தை முதலில் எடுப்பது என்று மலைத்தால் தாயக்கட்டையை உருட்டுகிறேன். மறக்கக் கூடாததைச் சாக்பீஸால் சிலேட்டில் எழுதிக் கதவில் மாட்டியிருக்கிறேன். முடித்த வேலைக்கு நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டுகிறேன், எல்.கே.ஜி. பிள்ளை மாதிரி. ஆறு மாசம் கழித்து வரும் ரிசல்ட் இந்த மூளையை அசைக்காது. இப்போதே கிடைக்கும் ஒரு பொட்டு நட்சத்திரம் அசைக்கிறது.

இதெல்லாம் மருந்துக்குப் பதில் இல்லை. மாத்திரை உண்டு, டாக்டர் சீட்டில்லாமல் தொடக் கூடாது. பொம்மையால் கணக்கு அரியர் தானாகப் போய்விடாது. இரண்டில் ஒன்றைத்தான் நானே எழுதி முடித்திருக்கிறேன். என்னோடு சேர்ந்த ஊர்க்காரப் பையன் ஒருவன் இரண்டாம் ஆண்டிலேயே நின்றுவிட்டான். போட் இன்ஜினைக் கழற்றி மாட்டினால் நம் செட்டில் அவனுக்கு ஈடு கிடையாது. வருகைப் பதிவுதான் அவனைத் தள்ளியது. அவனுக்கும் இதுதானா என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. அவனை யாரும் டாக்டரிடம் கூட்டிப் போகவில்லை என்பது மட்டும் தெரியும்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியிலும் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 2022ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ், 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம். அதுவும் கூச்சமென்றால் டிராயிங் ஹாலில் ஜன்னலோர மூன்றாவது டேபிளுக்கு வாருங்கள். என்னிடம் இன்னும் இரண்டு உலக்கை இருக்கிறது. தங்கச்சி கேட்பதற்குள் வாங்கிக்கொள்ளுங்கள்.