ஓரம் இழந்த காசுகள்

தமிழில் நாணயம் என்னும் சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிய காலத்தைப் பைசாந்தியப் பேரரசின் வரலாற்றில் காணலாம். அதற்குச் சான்றாக எஞ்சியிருப்பவை, ஓரம் நறுக்கப்பட்ட காசுகள்.

பொன்னின் புகழ்

கான்ஸ்டாண்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட அப்பேரரசின் பொற்காசு பல நூற்றாண்டுகள் மாற்றுக் குறையாமல் புழங்கியது. ஓர் உரோமானியப் பவுண்டு எடையுள்ள பொன்னிலிருந்து 72 காசுகள் அடிக்கப்பட்டன. ஒரு காசின் எடை ஏறத்தாழ 4.5 கிராம். 6 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த காஸ்மஸ் என்னும் வணிகர் தம் நூலில் ஒரு செய்தியைக் கூறுகிறார். இலங்கை மன்னரின் அவையில், தத்தம் அரசரே பெரியவர் என உரோமானிய வணிகரும் பாரசீகரும் வாதிட்டனர். இருநாட்டுக் காசுகளையும் ஒப்பிட்டுப் பார்க்குமாறு வணிகர் வேண்டினார். உரோமானியப் பொற்காசைக் கண்ட மன்னர் அவர் பக்கமே தீர்ப்பளித்தாராம். கதையாகவே இருப்பினும், அக்காசின் மதிப்பை அது உணர்த்துகிறது.

அம்மதிப்பைக் காக்கச் சட்டமும் கடுமையாக இருந்தது. 10 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தலைநகர வணிகர்களுக்கென வகுக்கப்பட்ட விதிநூல், காசை அராவுகின்ற அல்லது நறுக்குகின்ற நாணயமாற்று வணிகரின் கையை வெட்டுமாறு விதித்தது.

சரிவு

11 ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் அரசே பொன்னில் பிற உலோகங்களைக் கலக்கத் தொடங்கியது. 1080களில் பொற்காசு பெயரளவிலேயே பொற்காசாக இருந்தது. முதலாம் அலெக்சியோஸ் 1092 இல் நாணயமுறையைச் சீர்திருத்தி, 20.5 காரட் மாற்றுள்ள புதிய பொற்காசை வெளியிட்டார். அதற்குக் கீழ்நிலையில், செம்பில் சிறிதளவு வெள்ளி கலந்த காசொன்று அன்றாட வழக்குக்கு வந்தது. 'டிராகி' எனப்படும் அது தட்டையாக இராமல் ஆழமற்ற கிண்ணம்போல் வளைந்திருக்கும். தொடக்கத்தில் ஒரு பொற்காசுக்கு 48 டிராகிகள் ஈடாயின. 1190 இல் 120 தேவைப்பட்டன. 1199 இல் 184.

கத்தரியின் புதிர்

இந்த டிராகிகளில்தான் நறுக்குண்ட காசுகள் மிகுதியாகக் கிடைக்கின்றன. மறைவாகக் காசைச் சுரண்டுபவன், பிறர் ஐயுறாத அளவுக்கே எடுப்பான். அவன் வெட்டும் கோணல்மாணலாக இருக்கும். இக்காசுகளோ அவ்வாறில்லை. விளிம்பு முழுவதும் வட்டமாக, ஒழுங்காக அகற்றப்பட்டுள்ளது. பல காசுகளில் முழு எடையில் பாதியளவே எஞ்சியுள்ளது. பார்த்தவுடன் எவருக்கும் தெரியும் வெட்டு இது! மேலும், நறுக்கிய துண்டில் இருந்த வெள்ளியோ மிகச் சிறிது. அதற்காக எந்தத் திருடன் இத்துணை உழைப்பான்?

ஆகவே, காசின் மதிப்பைப் பாதியாக்க அரசே இவ்வாறு நறுக்கியிருக்கலாம் என ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். 1204 இல் சிலுவைப்போர் வீரர்கள் தலைநகரைக் கைப்பற்றிய பின்னர்ச் சிறிய காசுகள் பெருகின. அவற்றின் அளவுக்கு ஒத்துவரப் பழைய காசுகள் வெட்டப்பட்டன எனக் கருதவும் இடமுண்டு. முதற்கருத்தே வெட்டின் ஒழுங்குக்குப் பொருந்துவதாகத் தோன்றுகிறது. அப்படியாயின், குடிகளின் கையை வெட்டச் சட்டம் இயற்றிய அரசே கத்தரியைக் கையில் எடுத்தது எனலாம்.

எழுத்தின்றி அடையாளம் காணல்

விளிம்போடு மன்னர் பெயரும் பெரும்பாலும் போய்விடும். எனினும் நாணயவியலார் எஞ்சிய உருவங்களைக் கொண்டே மன்னரை அறிகின்றனர். மன்னர் தனியே நிற்க, மேலே வானிலிருந்து நீளும் இறைவனின் கை அவருக்கு முடிசூட்டுமாயின் அது இரண்டாம் ஐசக்கின் காசு. மன்னரும் புனித கான்ஸ்டன்டைனும் அருகருகே நின்று, சிலுவை பொருந்திய உருண்டையைத் தாங்குவராயின் அது மூன்றாம் அலெக்சியோசின் காசு. 1195 இல் உடன்பிறந்த ஐசக்கின் கண்களைப் பறித்து அரியணையேறியவர் இந்த அலெக்சியோஸ். புனிதரோடு சரிநிகராக நிற்கத் தம்மை வரைவித்த துணிவை என்னென்பது!

அழகிய காசுகளையே தேடுவோர் இவற்றைக் குறைபட்டவை என ஒதுக்குவதால் இவை மலிவாகக் கிடைக்கின்றன. ஆராயும் நோக்குடைய சேகரிப்பாளரோ முதலில் நுண்தராசைத் தேடுவார்; எடை, விட்டம், வெட்டின் வடிவம் ஆகியவற்றைக் குறித்துவைப்பார். பல்கேரியாவில் இத்தகைய காசுகள் புதையல்களாகவே கிடைத்துள்ளன. ஒரே பானையில் நறுக்கிய காசும் நறுக்காத காசும் எந்தெந்த மன்னருடையவை, எத்தனை உள்ளன என்னும் கணக்கே வெட்டின் காலத்தை அறியத் துணைசெய்கிறது. பானையிலிருந்து பிரிந்து தனியே விற்பனைக்கு வந்த காசில் அக்கணக்கு இல்லை.