மனச்சிதைவு நோய்: தொடங்கும் வயதும் பழைய கோப்பில் உள்ள வகைப்பெயரும்

நெடுநாள் சிகிச்சை பெறுவோரின் பழைய கோப்புகளில் 'பாரனாய்டு ஸ்கிசோஃப்ரினியா' என்று எழுதப்பட்டிருக்கும். புதிய கோப்பிலோ 'ஸ்கிசோஃப்ரினியா' என்று மட்டுமே இருக்கும். நோய் முற்றிவிட்டதா என்று குடும்பத்தினர் எங்களிடம் கேட்கின்றனர். மாறியது நோயன்று, பெயரிடும் முறையே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரெப்பெலின் இந்நோய்க்கு 'இளமையில் தொடங்கும் அறிவுச்சிதைவு' என்னும் பொருளில் பெயரிட்டார். ஐயம் மிகுந்தது, பேச்சும் நடத்தையும் ஒழுங்கிழந்தது, உடல் அசைவற்று உறைவது என மூன்று வகைகளையும் வகுத்தார். 1908இல் சுவிட்சர்லாந்தின் ஒய்கன் பிளாய்லர் அப்பெயரை மறுத்தார். நோய் எப்போதும் இளமையில் தொடங்குவதில்லை, எல்லோருக்கும் அறிவு சிதைவதுமில்லை என்பது அவர் வாதம். ஸ்கிசோஃப்ரினியா என்னும் சொல் அவர் தந்ததே. வகைகள் மட்டும் நூறாண்டுக்கு மேல் நிலைத்தன. ஆயினும் ஒருவரே வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு வகையினராகத் தோன்றினார். வகையைக் கொண்டு மருந்தைத் தேர்வதும் அரிதாயிற்று. ஆகவே 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடும், பின்னர் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலும் அவற்றைக் கைவிட்டன.

வகையைவிட, நோய் தொடங்கிய வயதையே நாங்கள் கவனமாகக் கேட்கிறோம். ஆண்களுக்குப் பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதியிலிருந்து இருபதுகளின் நடுப்பகுதிக்குள் தொடங்குகிறது. பெண்களுக்குச் சில ஆண்டுகள் பிந்தி. 13 வயதுக்கு முன் மிக அரிது. கல்லூரி, வேலை, திருமணம் ஆகியவை கூடும் பருவம் இது. எனவே 'தேர்வில் தோற்றதால் வந்தது' என்கின்றனர். பல நேரங்களில் அத்தோல்வியே நோயின் முதல் அறிகுறி. மகன் நண்பர்களை விலக்கி, இரவில் விழித்து, குளிப்பதையும் மறந்திருந்த மாதங்கள் அதற்கும் முந்தியவை. 'கல்யாணம் செய்துவைத்தால் தெளிந்துவிடும்' என்று காத்திருப்பதில் சிகிச்சை தாமதமாகிறது. தாமதம் நீள நீள மீள்வது கடினமாகிறது.

40 வயதுக்குப் பின் தொடங்குவதும் உண்டு. அவர்களுள் பெண்களே மிகுதி. அண்டை வீட்டார் தம்மைப் பற்றிச் சுவருக்கு அப்பால் பேசுவதாகவும், மருமகள் நகையை எடுப்பதாகவும் உறுதியாகச் சொல்வர். சமையலும் கணக்கும் பிசகாமல் நடப்பதால், வீட்டார் அதைக் குடும்பச் சண்டையாகவே கருதிவிடுகின்றனர். 60க்குப் பின் முதன்முறையாக இவ்வாறு நேர்ந்தால், செவித்திறன், நினைவாற்றல், வேறு நோய்களுக்கு உண்ணும் மருந்துகள் ஆகியவற்றை முதலில் ஆராய்வோம். இவர்களுக்கு மருந்தளவும் குறைவாகவே தேவைப்படும்.

அடுத்த முறை வரும்போது பழைய கோப்புகளை எடுத்து வாருங்கள். அவர் முன்போல் இருந்ததாக நீங்கள் இறுதியாக உணர்ந்தது எந்த ஆண்டு, எந்த மாதம் என்பதையும் வீட்டில் கலந்து பேசிக் குறித்து வாருங்கள்.