தரப்புள்ளி உயருமா? முதலில் கணக்கிடுவோம்

காளஹஸ்திக் கிளையில் பாதுகாப்புப் பெட்டகம் வைத்துள்ள வாடிக்கையாளர் ஒருவர் அண்மையில் ஓர் ஐயத்துடன் வந்தார். ஆறாம் ஜார்ஜ் உருவம் பொறித்த அவருடைய 1938ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய்க்கு, நாணயத் தரமதிப்பீட்டு நிறுவனம் ஒன்று 70க்கு 62 புள்ளி வழங்கி, பிளாஸ்டிக் உறையில் முத்திரையிட்டிருந்தது. வெளிநாட்டிலுள்ள வேறொரு நிறுவனத்துக்கு அனுப்பினால் 63 கிடைக்குமா என்பது அவருடைய வினா.

அதனினும் முதன்மையான வினா, செலவு ஈடாகுமா என்பதே. எடுத்துக்காட்டாக, 62க்கும் 63க்கும் இடையே சந்தை விலை வேறுபாடு ரூ.10,000 எனவும், புள்ளி உயரும் வாய்ப்பு நான்கில் ஒன்று எனவும் கொள்வோம். எதிர்பார்க்கத்தக்க ஆதாயம் ரூ.2,500 மட்டுமே. கட்டணம், இருவழி அஞ்சல், காப்பீடு ஆகியவற்றுக்கு ரூ.4,000 செலவாகுமாயின், ரூ.1,500 நட்டமே எஞ்சும்.

அனுப்பத் துணிந்தாலும் உறையை உடைத்தல் கூடாது. உடைத்த நாணயத்தின் புள்ளி குறையலாம். துலக்கப்பட்டது எனக் கருதப்பட்டால் புள்ளியே மறுக்கப்படலாம். பிசிஜிஎஸ், என்ஜிசி ஆகிய அமெரிக்க நிறுவனங்களில், உறையுடனேயே அனுப்பி, ஏற்கத்தக்க குறைந்த அளவுப் புள்ளியை நாமே குறிப்பிடலாம். அப்புள்ளிக்குத் தகாத நாணயம் பழைய உறையிலேயே திரும்பி வரும்; செலுத்திய கட்டணம் திரும்பாது.

அவரிடம் நான்காம் வில்லியம் உருவம் பொறித்த 1835ஆம் ஆண்டு ரூபாயும் இருந்தது. அதற்குக் கணக்கே வேண்டியதில்லை. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, நூறாண்டு கடந்த நாணயமும் தொல்பொருளே. அதனைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு.

கணக்கைப் பார்த்த வாடிக்கையாளர், இரு நாணயங்களையும் மீண்டும் பெட்டகத்திலேயே வைத்துச் சென்றார்.