பருப்பு தின்றால் கிட்னி போகாது

"வயசான காலத்துல பருப்பு, முட்டையெல்லாம் எதுக்கு? கிட்னி போயிடும்." எந்த ஊர் மருத்துவ முகாமுக்குப் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழுகிறது. படித்த மகன் சொல்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார், வாட்ஸ்அப்பில் யாரோ ஒருவர் அடித்துச் சொல்கிறார். கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது. முதியவர்களின் தட்டிலிருந்து இருக்கிற கொஞ்சம் புரதத்தையும் வழித்தெடுப்பது இந்த வதந்திதான்.

நல்ல நிலையில் உள்ள சிறுநீரகத்தை வீட்டில் சமைக்கும் பருப்பும் முட்டையும் கெடுப்பதில்லை. ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மருத்துவர்கள் புரதத்தை அளந்து கொடுக்கச் சொல்வார்கள். அதிகப் புரதம் சிறுநீரக வடிகட்டிகளுக்குச் சுமை ஏற்றுகிறது என்று 1982இல் சிறுநீரக ஆய்வாளர் பிரென்னரின் குழுவினர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்த எச்சரிக்கை மேலும் பரவியது. நோயாளிக்குச் சொன்ன பத்தியத்தை ஊரிலுள்ள எல்லாத் தாத்தா பாட்டிக்கும் போட்டுவிட்டோம்.

டெல்டா கிராமம் ஒன்றில் ஒரு பாட்டியைப் பார்த்தேன். வளையல் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கை வரை ஏறிப் போகிறது. கட்டிலிலிருந்து எழுந்திருங்கள் என்றதும் இரண்டு கையையும் ஊன்றிப் பார்த்தார், முடியவில்லை. மருமகளின் தோளைப் பிடித்துத்தான் எழுந்தார். "சுகரு, பிரஷர் எதுவும் இல்லைங்க. வயசாச்சில்ல, கிட்னிக்கு ஆகாதுன்னு பருப்பை நிறுத்திட்டோம்" என்றார் மருமகள், அக்கறையோடுதான். காலையில் இரண்டு இட்லி, மதியம் ரசம் சாதம், ராத்திரி ஒரு டம்ளர் கஞ்சி. கணக்குப் போட்டால் நாள் முழுக்க 20 கிராம் புரதம் தேறினாலே அதிகம். ஐ.சி.எம்.ஆர். 2020இல் வெளியிட்ட பரிந்துரை, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். முதுமை மருத்துவ வல்லுநர்கள் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்கிறார்கள். 50 கிலோ எடையுள்ளவருக்கு அது 50 முதல் 60 கிராம். பாட்டிக்குக் கிடைத்தது அதில் பாதிகூட இல்லை.

மீதியை உடம்பு எங்கிருந்து எடுக்கும்? தசையிலிருந்துதான். 2007இல் 'ஜாமா' மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்துபோனது. ஒரு காய்ச்சலில் படுத்தாலே இந்த இழப்பு தொடங்கிவிடும். அதற்கு மேல் கஞ்சியோடு நிறுத்தினால் எழுந்து நடப்பது எப்படி? பாத்ரூமில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்த பிறகு, "வயசாயிடுச்சு, என்ன பண்றது" என்று அலுத்துக்கொள்வதில் பயனில்லை.

சிறுநீரகத்தின் மேல் உண்மையிலேயே கவலை இருந்தால், கட்டுக்குள் வராத சர்க்கரையையும் ரத்தக்கொதிப்பையும் பாருங்கள். மூட்டுவலிக்குச் சீட்டே இல்லாமல் மெடிக்கலில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் டைக்ளோபினாக் மாத்திரையைப் பாருங்கள். அதைத் தினமும் கொடுத்துக்கொண்டு பருப்பை நிறுத்துகிறவர்களை என்ன சொல்வது!

ரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் ஆல்புமின் இரண்டையும் பரிசோதித்துவிட்டு மருத்துவர் குறைக்கச் சொன்னால் குறையுங்கள். அங்கும் அவரைக் கேட்காமல் அடியோடு நிறுத்தக் கூடாது. உடல் நலிந்து தசை தேய்ந்த முதியவர்களுக்குச் சிறுநீரக நோய் இருந்தாலும், புரத அளவைக் கூட்டுவதைப் பரிசீலிக்கச் சொல்கிறது கே.டி.ஐ.ஜி.ஓ. என்ற சர்வதேசச் சிறுநீரக அமைப்பின் 2024 வழிகாட்டி. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கோ மற்றவர்களைவிடக் கூடுதலாகவே வேண்டும்.

செலவு என்று தயங்க வேண்டாம். ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய். 30 கிராம் பருப்பில் ஆறு கிராமுக்கு மேல் புரதம், ஒரு முட்டையிலும் அதே அளவு. இதோடு தயிர், சுண்டல், அசைவம் உண்பவர்களுக்கு மீன் என்று மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காரவும் சொல்லுங்கள். தசைக்கு வேலை கொடுக்காமல் சாப்பாட்டால் மட்டும் பலம் வராது.

மற்ற நம்பிக்கைகளுக்கு நீண்ட பதில் தேவையில்லை. தாகம் எடுத்தால்தான் தண்ணீர் என்பது தவறு. வயதானால் தாக உணர்வே மங்கிவிடும். 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வீட்டுக்குக் கொண்டுவரும் மாத்திரையில் 'பவர்' இல்லை என்பது வெறும் வம்பு; கடையில் காசு கொடுத்து வாங்கும் அதே மருந்துதான் அது. டின்னில் வரும் புரதப் பவுடர் எல்லோருக்கும் அவசியமில்லை. பெற்றவர் சத்துணவு மையத்தில் சாப்பிட்டால் பிள்ளைகளுக்கு மானக்கேடு என்கிறார்கள். 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய திட்டம் அடுத்த ஆண்டே முதியோர் உதவித்தொகை பெறுகிறவர்களுக்கும் விரிந்தது. அது அவர்களின் உரிமை. பெற்றவரைப் பட்டினி போடுவதில்தான் மானக்கேடு.

கடைசியாக, நான் போகிற இடமெல்லாம் கேட்கிற ஒன்று: பல். வாயில் பல் இல்லாதவரிடம் சுண்டலைப் பற்றிப் பேசி என்ன பயன்? முகாம்களில் பிரஷர் பார்க்கிறோம், சர்க்கரை பார்க்கிறோம், கண்ணாடி கொடுக்கிறோம். வாயைத் திறக்கச் சொல்பவர்கள் மிகக் குறைவு. முகாம் நடத்தும் சங்கங்களே, அடுத்த முறை ஒரு பல் மருத்துவரையும் அழைத்து வாருங்கள், பல்செட்டுக்கும் பணம் ஒதுக்குங்கள். ஈறு சுருங்கியதால் தளர்ந்து, டப்பாவில் கிடக்கிற பழைய பல்செட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள். பலவற்றை உட்புறம் சரிசெய்து மறுபடி பொருத்திவிடலாம். அதுவரை முட்டைப் பொடிமாஸ், குழைய வேகவைத்த பாசிப்பருப்பு, முள் எடுத்துப் பிசைந்த மீன் என்று கொடுங்கள்.